கடைவாய்ப்பல் குளம்

எங்கள் வீட்டில் சண்டை போட வேண்டுமென்றால் முதலில் என் நாத்தனாரை எங்காவது வெளியே அனுப்பியாக வேண்டும். அவர் இருந்தால் ஒரு சண்டையும் உருப்படாது. நானும் என் கணவரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்போம். அவருக்கு முதலில் தோள் குலுங்கும், அப்புறம் மூக்கு விடைக்கும், அப்புறம் பொத்திய கையை மீறிக்கொண்டு சிரிப்பு வெடிக்கும். கேலி இல்லை அது. பயம், வெட்கம், சந்தோஷம் எது வந்தாலும் அவருக்கு ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வரும். பரீட்சை ஹாலிலிருந்து இரண்டு தடவை எழுப்பி அனுப்பியிருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு மூன்று வந்தது. மூன்று பேரும் எதிரில் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்குள் தங்கள் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

கிலுகிலுப்பை என்று பெயர் வைத்தது அவருடைய தம்பி, அதாவது என் கணவர், ஐந்து வயதில். அது தேய்ந்து கிலுக்கி ஆயிற்று. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அக்கா முப்பத்தாறு வயது வரை அட்டைப்பெட்டி மடிக்கும் தொழிற்சாலையில் இருந்தார். அதை மூடினார்கள். நான் நீச்சல் குளம் கட்டும் ஒரு சின்ன நிறுவனத்தில் வரைபடம் போடுகிறேன், போனும் எடுக்கிறேன். எங்கள் ஆட்களில் சிதறல் அள்ள ஒருவர் தேவைப்பட்டது. "மண்வெட்டி பிடிப்பீங்களாக்கா?" என்று கேட்டேன். "பிடிச்சுத்தான் பார்ப்போமே" என்று சிரித்தார்.

சிதறல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. நீச்சல் குளத்தை எல்லாரும் செங்கல் அடுக்கிக் கட்டுவதாக நினைக்கிறார்கள். நாங்கள் அப்படிச் செய்வதில்லை. வேண்டிய வடிவத்தில் குழி தோண்டுவோம். குழிக்குள் கூடை பின்னுவதுபோலக் கம்பி கட்டுவோம். அப்புறம் கான்கிரீட்டைப் பீச்சி அடிப்போம். மேலே ஒரு மிஷின் காய்ந்த மணலையும் சிமெண்டையும் விழுங்கும். கம்ப்ரெசர் காற்று அதை நீளமான ஹோஸ் வழியே தள்ளிக்கொண்டு வரும். ஹோஸின் முனையில் நாசில். அதைப் பிடிப்பவரின் விரலடியில் ஒரு தண்ணீர் வால்வு. அந்தக் கடைசி ஒரு சாண் தூரத்தில்தான் பொடியும் தண்ணீரும் சேர்ந்து, பாய்ந்த வேகத்திலேயே மண்ணிலும் கம்பியிலும் போய் அப்பிக்கொள்ளும். பலகை வைத்து அடைக்க வேண்டியதில்லை. அதனால் உருண்டை, வளைவு, நெளிவு எது கேட்டாலும் செய்யலாம்.

ஆனால் அடித்ததெல்லாம் ஒட்டாது. கம்பியில் மோதி, சுவரில் மோதிக் கொஞ்சம் தெறித்து விழும். சிமெண்ட் சுவரோடு தங்கிவிடும். மணல் சக்கைதான் கீழே வரும். அதுதான் சிதறல். அதை உடனுக்குடன் அள்ளிவிட வேண்டும். மூலையில் குவிய விட்டு அதன் மேலேயே அடித்தால் வெளியே பார்க்கச் சுவர் மொழுமொழுவென்று இருக்கும், உள்ளே பொக்கையாக இருக்கும்.

இரண்டு வருஷம் அக்கா சிதறல் அள்ளினார். கண்ணாடி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு குழிக்குள் நின்றால் யார் என்றே தெரியாது, தோள் குலுங்குவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே சொல்வார்: "இன்னிக்கு மதியத்துக்கு மேல தண்ணி கம்மி. அள்ள அள்ளத் தீரலை. அப்புறம் மாஸ்டர் வால்வைக் கொஞ்சம் திறந்தார் பாரு, பாதியாக் குறைஞ்சிடுச்சு." சுவரை அவர் பார்ப்பதே இல்லை. கீழே விழுவதை வைத்து மேலே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். நான் உம் கொட்டுவேன். அதில் ஒரு வித்தை இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மாஸ்டர் என்றது நாசில் பிடிப்பவரை. பத்தொன்பது வருஷ அனுபவம். நல்ல மனுஷர், ஆனால் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். மேலே மிஷினையும் கம்ப்ரெசரையும் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் மிஷின் என்றே கூப்பிடுவார்கள். நாற்பது வயது, தனி ஆள். ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசினால் அதிகம். கம்ப்ரெசர் ஓடும்போது யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது என்பதால் எல்லாம் கைச்சாடைதான். விரலைச் சுழற்றினால் ஆரம்பி. உள்ளங்கையைக் கீழே காட்டினால் காற்றைக் குறை. முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பல் டாக்டர் போன் செய்தார்.

"எனக்கு ஒரு கடைவாய்ப்பல் வேணும்" என்றார்.

"சார், இது நீச்சல் குளம் கட்டற இடம்."

"தெரியும்மா. கடைவாய்ப்பல் வடிவத்துல நீச்சல் குளம். மேல அகலமா, நாலு மேடு. கீழ ரெண்டு வேர். அந்த வேர் ரெண்டும் ஆழம் கம்மியா, படியோட. முடியுமா, முடியாதா?"

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "எனக்குத் தண்ணி இருந்தாப் போதும்னு சொல்லுங்க. பல்லு இவருக்கு."

முடியும் என்றேன். வாழ்க்கையில் நான் போட்ட வரைபடங்களில் அதுதான் அழகு. மூன்று நாள் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டேன்.

தோண்டினார்கள், கம்பி கட்டினார்கள். கம்பி கட்டுபவர்கள் வளைத்து வளைத்து அலுத்துப்போய், "ஒரு பல்லு எங்க முப்பத்திரண்டு பல்லையும் கழட்டிடும் போல" என்று புலம்பினார்கள். அடிக்கிற நாள் வந்தது. நான் அளவு பார்க்கப் போயிருந்தேன். இரண்டு வேருக்கும் நடுவில் ஒரு இடுக்கு உண்டு, கவட்டை மாதிரி. மாஸ்டர் முதலில் அந்த மூலையை நிரப்பிவிட்டுத்தான் பக்கச் சுவருக்குப் போயிருக்க வேண்டும். அன்றைக்கு வெயில் ஏறுகிறதே என்ற அவசரம், நேராகப் பெரிய சுவரில் ஆரம்பித்துவிட்டார். தெறித்ததெல்லாம் போய் அந்த இடுக்கில் அடைந்தது. அக்கா மண்வெட்டியை உள்ளே விட்டுப் பார்த்தார். கம்பிக்குப் பின்னால் நுழையவில்லை. கை நீட்டி மாஸ்டரின் தோளைத் தட்டினார். மாஸ்டர் முஷ்டியைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கம்ப்ரெசர் அடங்கியது.

"என்ன?"

"அந்த மூலையில சிதறல் நிறைய இருக்கு மாஸ்டர். ஊதித் தள்ளிட்டு அடிக்கலாமா?"

மாஸ்டரிடம் குறை சொல்கிறோமே என்ற பயம் அக்காவுக்கு. பயம் வந்தால் என்ன ஆகும்? வாக்கியம் முடிவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரின் முகம் சிமெண்ட் பூச்சையும் மீறிச் சிவந்தது.

"பத்தொன்பது வருஷமா அடிக்கிறேன். நீ அள்ளுற வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு விரலைச் சுழற்றினார்.

மூலையை மூடி அடித்துவிட்டார்கள். கரணையால் சீவி வழித்தபோது சுவர் வெண்ணெய் மாதிரி இருந்தது. ஏழு நாள் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்தோம்.

எட்டாம் நாள் டாக்டர் குழிக்குள் இறங்கினார். நாங்கள் எல்லாரும் மேலே வரிசையாக நின்றோம், ஏதோ எங்கள் வாயைத்தான் பார்க்கப்போகிறார் என்பதுபோல. சின்னச் சுத்தியல் ஒன்று கொண்டுவந்திருந்தார். சுவரில் காதை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே போனார். டங். டங். டங். அரைமணி நேரம். டங். டங். வேர் இடுக்குக்கு வந்தார்.

டொப்.

இன்னொரு தடவை தட்டினார். டொப். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அந்த மனுஷருடைய முகத்தில் நான் எதிர்பார்த்தது கோபம். அங்கே இருந்தது ஆனந்தம்.

"சொத்தை!" என்று கத்தினார். "ஏம்மா, இங்க வந்து பாரு, பல்லு முளைச்சு எட்டு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள சொத்தை விழுந்திருக்கு!"

அவர் மனைவி தோட்டத்திலிருந்தே கேட்டார். "பிடுங்கணுமா?"

"வேண்டாம், சுரண்டி அடைச்சிடலாம்!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கம்பிக் கட்டுக்குப் பின்னால் ஓடினார். இந்தத் தடவை அவர் மட்டும் இல்லை. கம்பி கட்டுபவர் இருவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் வரைபடச் சுருளைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. நேராக அக்காவிடம் போனார். நாசிலைத் தூக்கி அக்கா கையில் வைத்தார்.

"சொல்லத் தெரிஞ்ச ஆளு, அடிச்சும் காட்டு."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன வார்த்தையை மாஸ்டர் திரும்ப வாங்கிக்கொள்கிறவர் இல்லை. அக்காவும் நாசிலைத் திரும்பக் கொடுக்கவில்லை. கொடுப்பார் என்றுதான் நான் நினைத்தேன். கையில் எடை பார்ப்பதுபோல ஒரு முறை தூக்கித் தாழ்த்தினார், அவ்வளவுதான்.

சொத்தையை உடைத்து எடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று. உள்ளேயிருந்து மணல் பொலபொலவென்று கொட்டியது. நல்ல கான்கிரீட் தென்படும் வரைக்கும் கொத்தி, கம்பியைத் துடைத்து, ஊதி, நனைத்து வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை அக்கா குழிக்குள் இறங்கினார். வீட்டில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. என் கணவர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தார், கையில் எதற்கு என்றே தெரியாமல் ஒரு குடையோடு.

ஹோஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காற்று வந்ததும் அது பின்னால் உதைக்கும். தெரியாதவர்கள் கையில் கொடுத்தால் ஆளைத் தூக்கி உட்கார வைத்துவிடும். அக்கா மேலே மிஷினைப் பார்த்தார். விரலைச் சுழற்றினார். வழக்கமாக மிஷின் ஒரே மூச்சில் காற்றைத் திறப்பவர், அன்றைக்கு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக, தூங்கும் குழந்தையைப் படுக்கையில் கிடத்துவதுபோலத் திறந்தார். கண்ணை அக்காமேலிருந்து எடுக்கவே இல்லை. ஹோஸ் உதைத்தது. அக்கா ஒரு அடி பின்னால் போனார், இரண்டாவது அடி போகவில்லை. முழங்காலை மடக்கி இடுப்பில் தாங்கிக்கொண்டார். தண்ணீரைத் திறந்தார்.

முதலில் வந்தது வெறும் தூசி. வால்வைத் தொட்டார். அடுத்து வந்தது கொழகொழவென்று வழிந்தது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்க்கவில்லை. தன் காலடியைப் பார்த்தார். விழுவது எவ்வளவு, எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டே விரலால் வால்வை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். சட்டென்று சிதறல் குறைந்தது. சுவரில் மெல்லிய ஈர மினுமினுப்பு ஏறியது. மூலையின் அடியிலிருந்து ஆரம்பித்து, கம்பிக்குப் பின்னால் நுழையும்படி நேராக நெருங்கிப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி மேலே கொண்டுபோனார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. உதைப்பதாலா சிரிப்பதாலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்புறம் கேட்டபோது, "ரெண்டும்தான். என்னமோ பெரிய மிருகத்தைக் கழுத்துல கயிறு கட்டிப் பிடிச்சிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. விட்டாப் பறந்துடுவேன்னு தோணுச்சு" என்றார்.

இருபது நிமிஷத்தில் முஷ்டியைத் தூக்கினார். முகமூடியைக் கழற்றினார். கண்ணாடியும் முகமூடியும் மறைத்த இடம் தவிர முகம் முழுக்கச் சாம்பல். தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டே குழிக்கு நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

மாஸ்டர் இறங்கி வந்தார். கரணையை எடுத்து அவரே சுவரைச் சீவினார். பொறுமையாக, கடைசி வரைக்கும் சீவிவிட்டு, "அந்த வேர்ப் படிக்கட்டெல்லாம் இன்னும் பாக்கி இருக்கு. அதையும் நீயே அடிச்சிடு, எனக்குத் தோள் வலிக்குது" என்றார். அவருக்குத் தோள் வலித்ததே இல்லை. அது அவர் சொன்ன மன்னிப்பு.

படிக்கட்டு அடித்த நாளில்தான் இன்னொன்று நடந்தது.

கம்ப்ரெசருக்கு டீசல் ஊற்றுவது மிஷினுடைய வேலை. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அதை மறந்ததில்லை. அன்று மறந்துவிட்டார். அக்கா குழிக்குள் முதுகு காட்டிக்கொண்டு மூன்றாவது படியை அடித்துக்கொண்டிருந்தார். நான் குழி விளிம்பில் அளவுகோலோடு உட்கார்ந்திருந்தேன். மேலே மிஷினுடைய வாய் அசைந்துகொண்டிருந்தது. அது புதிது இல்லை. கம்ப்ரெசர் ஓடும்போதெல்லாம் அவர் வாய் அசையும். பாட்டுப் பாடுகிறார் என்று நினைத்திருந்தோம். அந்த நிமிஷம் கம்ப்ரெசர் ஒரு இருமல் இருமியது, இன்னொன்று இருமியது, நின்றுவிட்டது. சத்தத்தை மீறிக் கத்தியே பழகிய குரல், சத்தம் இல்லாத தோட்டத்தில் கணீரென்று விழுந்தது:

"—உங்க சிரிப்பைக் கேக்காம ஒரு ஞாயித்துக்கிழமையக்கூட என்னால ஓட்ட முடியலை, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா!"

வெறும் குழி அல்லவா. "றீங்களா" என்று ஒரு தடவை எதிரொலித்தது.

தோட்டத்துக் குழாயைப் பிடித்திருந்த டாக்டர் மனைவி தன் செருப்பையே நனைத்துக்கொண்டிருந்தார். மிஷின் அப்படியே நின்றார், வாய் திறந்தபடி. டாக்டர் பார்த்திருந்தால் உள்ளே எத்தனை அடைத்திருக்கிறது என்று எண்ணியிருப்பார்.

நான் அக்காவைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, சிரிக்க வேண்டிய இடத்தில் அக்கா சிரிக்கவில்லை. திரும்பி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மெதுவாக உயர்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எங்கே முஷ்டியாகிவிடுமோ என்று. சிமெண்ட் அப்பிய கையுறையில் ஒரே ஒரு விரல் மட்டும் நிமிர்ந்தது. சுழன்றது.

மிஷின் அப்படியே மணல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கம்பி கட்டுபவர்கள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் ஓடி வந்தது.

"ஏய்!" என்று கத்தினார் மாஸ்டர். "கல்யாணம் எங்கேயும் ஓடிப்போயிடாது, ஹோஸ் அடைச்சுக்கும்! டீசல ஊத்துய்யா முதல்ல!"

ஊற்றினார். பாதி தரையில் போயிற்று. ஹோஸை உதறிச் சுத்தம் செய்து, மீதிப் படிகளையும் அன்றைக்கே அடித்து முடித்தார்கள். சாயங்காலம் என் கணவரும் வந்து சேர, நாங்கள் மூவரும் வீட்டுக்கு நடந்தோம். என் கணவர் பாதித் தெருவில் நின்று, "அக்கா, அவர் பேரு என்ன?" என்று கேட்டார். அக்காவுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. சம்பளப் பட்டியலிலேயே மிஷின் என்றுதான் இருந்தது. மறுநாள் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டோம். கேட்டதற்கு அவர் வெட்கப்பட்டார்.

டாக்டர் இரண்டாவது தடவை சுத்தியலோடு வந்தபோது எனக்குப் பயம் இருந்தது. இடுக்கில் தட்டினார். டங். கீழே தட்டினார். டங். படி படியாகத் தட்டிக்கொண்டு ஏறினார். எல்லாம் டங். கடைசிப் படியில் உட்கார்ந்து, "இந்த அடைப்பு, மீதிப் பல்லவிடக் கெட்டி" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தாரோ என்னவோ.

உள்ளே பூச்சு முடிந்து தண்ணீர் விட இரண்டு நாள் பிடித்தது. நிரம்பிய அன்று சாயங்காலம் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் பேச ஏதோ எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர் கண்ணாடியை மாட்டுவதற்குள் அவர் மனைவி ஓடி வந்து, கட்டியிருந்த துணியோடு, நான்கு மேட்டுக்கும் நடுவில் தொபுக்கென்று குதித்தார். எழுதிய தாள் நனைந்துபோயிற்று. அதற்கப்புறம் யார் யாரைத் தள்ளினார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நான் உள்ளே இருந்தேன். என் கணவர் உள்ளே இருந்தார், குடையோடு. மாஸ்டர் ஒரு மேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஆழம் சரியா இருக்கா, ஆழம் சரியா இருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அக்கா அதுவரைக்கும் இருபத்திரண்டு குளத்துக்குள் நின்றிருக்கிறார், ஒன்றில்கூடத் தண்ணீர் இருந்ததில்லை. டாக்டர் மனைவி அவர் முதுகுக்கடியில் கை கொடுத்து மிதக்கவிட்டார்.

"மூச்சை உள்ள இழுங்க. பிடிச்சுக்குங்க. சிரிக்காதீங்க, காத்து போயிடும், முழுகிடுவீங்க!"

அக்கா முழுகினார். எழுந்தார். மறுபடி படுத்தார். மறுபடி முழுகினார். ஏழெட்டுத் தடவைக்கு அப்புறம் எப்படியோ வாயை இறுக மூடிக்கொண்டு, கையை விரித்து, இரண்டு வேரும் பிரியும் இடத்தில் மல்லாந்து மிதந்தார். மிஷின் கழுத்தளவுத் தண்ணீரில் படியில் நின்றுகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. கையெழுத்துப் போடும்போது அக்கா சிரித்த சிரிப்பில் பதிவாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சொந்த விருப்பத்தில்தான் செய்துகொள்கிறீர்களா என்று இரண்டாவது தடவையும் கேட்டார். அன்றைக்கு மிஷின் பேசிய பேச்சை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆறுக்கு நிச்சயம் மேலே. இப்போது எங்கள் தெருவிலேயே மூன்றாவது வீட்டு மாடியில் இருக்கிறார்கள். இருவரும் சாப்பாட்டு மேஜையில்கூடக் கைச்சாடை போட்டுத்தான் குழம்பு கேட்கிறார்கள்.

நாசில் இப்போது அக்கா கையில்தான். முப்பத்தொரு குளம் அடித்துவிட்டார். மாஸ்டர் கரணை பிடிக்கிறார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சிதறல் அள்ள வந்தவரிடம் அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூலையில ஏதாவது குவிஞ்சா உடனே என் தோளத் தட்டு. நான் அடிச்சிட்டிருந்தாலும் தட்டு. பலமாத் தட்டு."

இன்று காலை நான் புது வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனேன். முதுகுவலிக்காரர்களுக்குத் தண்ணீரில் பயிற்சி கொடுக்கும் இடம். சக்கர நாற்காலி இறங்கும்படி நீளமாக வளைந்த சரிவோடு ஒரு குளம். சரிவு மட்டும் தோண்டியிருந்தார்கள், கம்பி இன்னும் கட்டவில்லை. அக்கா சரிவின் அடியில் நின்றுகொண்டு, தாளைத் தலைகீழாகப் பிடித்து, நேராகப் பிடித்து, "வளைவு இன்னும் கொஞ்சம் தாராளமா இருந்தா அழகா இருக்குமே" என்றார். நான் பென்சிலை எடுத்தேன்.